6 மாதத்தில் நிறுத்திய ரயில், திரும்பி வர 14 வருடம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வடக்குப் பகுதிக்கு நார்த்லேண்டர் என்று ஒரு பயணிகள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டொரான்டோவில் புறப்பட்டு நார்த் பே வழியாகக் காக்ரேன் என்கிற சின்ன ஊர் வரை போகும், வாரத்தில் ஆறு நாள். 2012 மார்ச் 23-ஆம் தேதி மாகாண அரசு இதை நிறுத்தப்போவதாக அறிவித்தது, செப்டம்பர் 28-ஆம் தேதி கடைசி வண்டி ஓடி முடிந்தது. அவ்வளவுதான், ஆறே மாதம். அதே ரயிலை மறுபடி கொண்டுவரும் வேலை இப்போது நடக்கிறது, 2026-ல் ஓட ஆரம்பிக்கும் என்று அரசு சொல்லியிருக்கிறது. நடுவில் போனது 14 வருடம். இத்தனைக்கும் யாரும் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போடவில்லை, அதன் மேல் சரக்கு வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கடலூரில் உட்கார்ந்துகொண்டு கனடா ரயிலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நமக்கும் இந்தக் கதை தெரியும் என்பதுதான் காரணம். விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடியபோது மூன்று வருடத்துக்கு மேல் திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் வெறிச்சோடிக் கிடந்தது, வெளியூர் ரயில் பிடிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி விழுப்புரம் போக வேண்டும், 2010-ல் பாதை திறந்த பிறகும் பழைய வண்டிகள் எல்லாம் திரும்பவில்லை என்று இன்றைக்கும் இங்கே பேச்சு ஓடுகிறது. அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்திய பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வந்தபோது எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் வந்தன, பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ரூபாய் ஆகியிருந்தது, பழைய கட்டணம் வர 2024 பிப்ரவரி வரை காத்திருந்தோம். நின்ற வண்டி நின்றபோது இருந்த மாதிரியே திரும்பி வருவதில்லை. நார்த்லேண்டர் விஷயத்தில் அது ஏன் என்பதை அரசு ஆவணங்களிலேயே படிக்க முடிகிறது, அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த ஊர்களைப் பற்றி. ஒன்டாரியோவின் நிலத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் வடக்கு என்று சொல்லப்படும் பகுதி, ஆனால் மக்களில் சுமார் 6 சதவீதம் பேர்தான் அங்கே இருக்கிறார்கள். காடு, ஏரி, சுரங்கம், மர ஆலை. 1902-ல் மாகாண அரசே ஒரு ரயில் அமைப்பைத் தொடங்கி நார்த் பேயிலிருந்து வடக்கே பாதை போட ஆரம்பித்தது, விவசாயக் குடியேற்றத்துக்காக என்றுதான் திட்டம். 1903-ல் பாதை போட்டுக்கொண்டு போன இடத்திலேயே வெள்ளி கிடைத்தது, அங்கே கோபால்ட் என்று ஒரு ஊர் முளைத்தது. 1909-ல் இன்னும் வடக்கே போர்க்குபைன் பகுதியில் தங்கம், அதிலிருந்து டிம்மின்ஸ் நகரம் வந்தது. நம்மூர்களில் ஊர் முதலில் இருந்தது, ரயில் பிறகு வந்தது. அங்கே பல ஊர்கள் ரயில் வந்ததால்தான் உண்டாயின. 1932-ல் பாதை ஜேம்ஸ் வளைகுடா பக்கத்தில் இருக்கும் மூசனி வரை போய்விட்டது. 1946-ல் நிறுவனத்தின் பெயர் ஒன்டாரியோ நார்த்லேண்ட் என்று மாறியது. இன்று வரை அது மாகாண அரசின் சொத்துதான், எனவே ஓட்டுவதும் நிறுத்துவதும் அரசின் கையில்.

நார்த்லேண்டர் என்ற பெயரில் வண்டி வந்தது 1970-களில். ஐரோப்பாவில் பெரிய நகரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த சொகுசு ரயில் செட்டுகளைப் பழைய விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து இங்கே ஓட்டினார்கள். அந்த ஐரோப்பிய எஞ்சின்களுக்கு வட ஒன்டாரியோ குளிர் ஒத்துவரவில்லை, சில வருடத்தில் அவற்றைக் கழற்றிவிட்டு உள்ளூர் டீசல் எஞ்சினை மாட்டினார்கள். பிறகு அந்தப் பெட்டிகளும் போய், டொரான்டோ புறநகர் சேவையில் ஓடிய பழைய பெட்டிகளைச் சரிசெய்து போட்டார்கள். அதாவது தொடக்கத்திலிருந்தே செகண்ட் ஹேண்ட் வண்டிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் 2012-ல் நஷ்டக் கணக்கு பார்த்தபோது இதெல்லாம் சேர்ந்தே வந்து நின்றது.

அந்த நஷ்டக் கணக்குக்கு வருவோம். டால்டன் மெக்கின்டி தலைமையிலான லிபரல் அரசு சொன்ன முக்கியமான வாதம், ஒரு பயணிக்கு ஒரு பயணத்துக்குச் சுமார் 400 டாலர் மானியம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது. கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும், அதற்குப் பேசாமல் விமான டிக்கெட்டே வாங்கிக் கொடுக்கலாமே என்றுகூடத் தோன்றும். ஆனால் இந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். மொத்த நஷ்டத்தைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ரயிலில் செலவு பெரும்பாலும் நிலையான செலவு, ஐம்பது பேர் ஏறினாலும் நூற்றைம்பது பேர் ஏறினாலும் டிரைவர், டீசல், பாதைக் கட்டணம் ஏறக்குறைய அதே. எனவே ஆள் குறையக் குறைய தலைக்கு விழும் மானியம் தானாக ஏறும், வண்டியின் செலவு ஒரு காசு கூடாமலே ஏறும்.

சரி, ஆள் ஏன் குறைந்தார்கள்? இந்தப் பக்கத்தில் வடகோடியில் இருக்கும் பெரிய ஊர் டிம்மின்ஸ், நாற்பதாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல். காக்ரேனில் ஐயாயிரம் பேர்தான். ஆனால் நார்த்லேண்டர் டிம்மின்ஸுக்குப் போகவே இல்லை! டிம்மின்ஸுக்கு இருந்த பயணிகள் ரயில் 1990-லேயே நின்றுபோனது. அதன் பிறகு மாதசன் என்ற இடத்தில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும், மைனஸ் முப்பது டிகிரியில் மூட்டை முடிச்சோடு. அதிகம் ஆள் இருக்கும் ஊரைத் தொடாமல் ஒரு வண்டியை ஓட்டிவிட்டு ஆள் ஏறவில்லை என்று கணக்குக் காட்டினால் அந்தக் கணக்கு தப்பில்லைதான், ஆனால் நியாயமும் இல்லை. நம்ம பக்கத்திலேயே பாருங்கள், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ரயிலில் போக வேண்டுமென்றால் விழுப்புரம் சுற்றிக்கொண்டு எண்பது கிலோமீட்டருக்கு மேல். யாராவது போவார்களா? கடற்கரையோரமாகச் சென்னையிலிருந்து புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் பாதை என்பது பல வருடமாகக் காகிதத்தில்தான் இருக்கிறது. "இந்த ரூட்டில் ரயிலுக்கு ஆள் இல்லை" என்று நாளைக்கு ஒருவர் புள்ளிவிவரம் காட்டினால் மறுக்க முடியாது, அவ்வளவு சரியாக இருக்கும்.

மானியக் கணக்கின் இன்னொரு பக்கம், அதில் எது சேரவில்லை என்பது. ரயில் நின்றதும் கூடுதல் பேருந்து விட்டார்கள், அதற்கும் செலவு இருக்கிறது. வடக்கே போகும் நெடுஞ்சாலை 11, பல இடங்களில் போக ஒன்று வர ஒன்று என இரண்டே தடம், மரம் ஏற்றிய லாரிகளும் பனியும் சேர்ந்தால் குளிர்காலத்தில் அடிக்கடி மூடிவிடுவார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வடக்கிலிருந்து தெற்கே வரும் நோயாளிகளுக்கு மாகாண அரசே பயணப்படி கொடுக்கிறது. இதெல்லாம் வேறு வேறு துறைகளின் பட்ஜெட்டில் இருக்கும் செலவு, ரயிலின் கணக்கில் வராது. எனவே ரயிலை நிறுத்தினால் "மிச்சம்" தெரியும், அந்தச் செலவு எங்கே போய் உட்கார்ந்தது என்பது தெரியாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ரயிலோடு சேர்த்து ஒன்டாரியோ நார்த்லேண்ட் நிறுவனத்தையே விற்றுவிடுவதுதான் அன்றைய திட்டம், அதனால் மூன்று வருடத்தில் 26.59 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். 2013 டிசம்பரில் மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் ஒரு சிறப்பு அறிக்கை கொடுத்தார். மிச்சமாவது இருக்கட்டும், விற்று முடிக்க 82 கோடி டாலர் வரை செலவாகலாம் என்றது அது. ஊழியர்களின் ஓய்வூதியப் பொறுப்பு, பணி நீக்க இழப்பீடு இதையெல்லாம் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து வந்த கேத்லீன் வின் அரசு 2014-ல் தொலைத்தொடர்புப் பிரிவை மட்டும் விற்றுவிட்டு ரயில், பேருந்து, பழுதுபார்க்கும் பட்டறை எல்லாம் அரசிடமே இருக்கும் என்று முடிவை மாற்றிக்கொண்டது.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. கணக்கு தப்பு என்று ஒன்றே கால் வருடத்தில் தெரிந்துவிட்டது, நிறுவனத்தை விற்கவும் இல்லை, அப்படியென்றால் 2014-லேயே ரயிலை மறுபடி விட்டிருக்கலாமே?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "வண்டியை நிறுத்த ஒரு லெட்டர் போதும் தம்பி, விடணும்னா ரேக் வேணும், ஆள் வேணும், லைன் வேணும்" என்றார். அவர் கனடா போனதில்லை, ஆனால் விஷயம் அதேதான்.

ரேக்கிலிருந்து, அதாவது எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்த செட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு சேவை நின்றால் பெட்டிகள் வேறு இடத்துக்குப் போய்விடும், அல்லது ஷெட்டில் நின்று துருப்பிடிக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும் என்ற விதிகள் அங்கே இப்போது கடுமை, எனவே பழைய பெட்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டிவிட முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். வட அமெரிக்காவில் நீண்ட தூரப் பயணிகள் ரயில் பெட்டி செய்பவர்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள், ஆர்டர் கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும். 2022 டிசம்பரில் சீமென்ஸ் நிறுவனத்திடம் மூன்று செட் வாங்க 13.95 கோடி டாலருக்கு ஒப்பந்தம் அறிவித்தார்கள், ஒரு செட்டுக்கு ஒரு டீசல் எஞ்சின், மூன்று பெட்டி. கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ தொழிற்சாலையில் தயாரிப்பு. இந்த மாதிரி வண்டிகளுக்குக் குளிர்காலச் சோதனை, டிரைவர்களுக்குப் பயிற்சி என்று தனியாகக் காலம் பிடிக்கும்.

அடுத்தது லைன், இதுதான் உண்மையான தலைவலி. நார்த் பேக்கு வடக்கே பாதை ஒன்டாரியோ நார்த்லேண்டுடையது. தெற்கே டொரான்டோவை நோக்கி வரும் பாதையில் பெரும்பகுதி சி.என். என்கிற தனியார் சரக்கு ரயில் நிறுவனத்துடையது. இந்தியாவில் ராஜதானிக்காகச் சரக்கு வண்டியை லூப்பில், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில், போட்டு நிறுத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியக் கொஞ்சம் கஷ்டம், அங்கே நிலைமை தலைகீழ். பாதைக்குச் சொந்தக்காரர் சரக்குக்காரர், பயணிகள் ரயில் வாடகைக்கு வரும் விருந்தாளி. ஒற்றைப் பாதை, எதிரே வண்டி வந்தால் கிராசிங்குக்கு யாராவது ஒதுங்க வேண்டும். அங்கே சரக்கு வண்டிகள் இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஓடுகின்றன, பல கிராசிங் லூப்புகள் அதைவிடச் சிறியவை. நீளமான வண்டி லூப்பில் அடங்காது, அடங்குகிற சின்ன வண்டிதான் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். மூன்று பெட்டிப் பயணிகள் வண்டி எங்கே வேண்டுமானாலும் அடங்கும், எனவே எப்போதும் காத்திருப்பது அதுவாகவே இருக்கும். 2012 வரை ஒரு நேரம் அதற்கென்று ஒதுக்கி இருந்தது. அதை விட்டுக்கொடுத்த பிறகு திரும்பக் கேட்டால் புதிதாகப் பேரம் பேச வேண்டும், லூப்பும் சிக்னலும் யார் செலவில் என்ற கேள்வி வரும். மயிலாடுதுறை பாசஞ்சரில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஏதோ ஒரு ஸ்டேஷனில் அரை மணி நேரம் வேர்க்கடலை தின்றவர்களுக்கு இதைப் பற்றி மேலே விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஊர்களில் இருந்த வசதி. ஸ்டேஷன் கட்டடங்கள் வேறு உபயோகத்துக்குப் போயிருந்தன, குளிரில் நிற்க மூடிய கூடாரம் வேண்டும். இப்போதைய திட்டத்தில் மொத்தம் 16 நிறுத்தம், டிம்மின்ஸில் புதிதாக ஒரு ஸ்டேஷன். பழைய தப்பை இந்த ஒரு விஷயத்தில் திருத்தியிருக்கிறார்கள்: இந்த முறை வண்டி நேராக டிம்மின்ஸ் போகிறது, அங்கிருந்து காக்ரேனுக்கு இணைப்பு.

அரசியல் வேறு நடுவில். 2018 தேர்தலில் டக் ஃபோர்டின் கன்சர்வேடிவ் கட்சி ரயிலைத் திரும்ப விடுவதாக வாக்குக் கொடுத்து ஆட்சிக்கு வந்தது. முதல் கட்ட ஆய்வறிக்கை வந்தது 2021 மே மாதம், விரிவான அறிக்கையும் 7.5 கோடி டாலர் ஒதுக்கீடும் 2022-ல், தேர்தலுக்குச் சற்று முன்னால். நான்கு வருடம் பேப்பரிலேயே போய்விட்டது. நிறுத்தும்போது இத்தனை அறிக்கை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு செலவு செய்து எத்தனை பேர் ஏறப்போகிறார்கள்? 2041-ல் வருடத்துக்கு 40 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் பேர் என்பது அரசின் மதிப்பீடு. அதிகபட்சத்தையே எடுத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் 165 பேர், இரண்டு திசையும் சேர்த்து. நம்ம ஊர் காலை நேர பாசஞ்சரில் இரண்டு பெட்டியில் அடைந்து போகிற கூட்டம் இது. தூரமோ சுமார் 740 கிலோமீட்டர், எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். எப்படிப் பார்த்தாலும் இந்த ரயில் லாபத்தில் ஓடாது, இருபது வருடம் கழித்தும் ஓடாது. ரயில் ஆர்வலர்கள் சிலர் "ஓட்டிப் பாருங்கள், கூட்டம் தானாக வரும்" என்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லாபம் வரும் என்று சொல்லி இதை ஆதரித்தால், லாபம் வராத அடுத்த நெருக்கடியில் அதே வாதத்தை வைத்து மறுபடி நிறுத்துவார்கள். நஷ்டம் இவ்வளவு, இதைத் தெரிந்தேதான் கொடுக்கிறோம் என்று முதல் நாளே எழுதி வைப்பதுதான் நேர்மை. சாலைக்கு யாரும் ஒரு காருக்கு எவ்வளவு மானியம் என்று கணக்குப் பார்ப்பதில்லையே.

அந்த 165 பேர் யார் என்பதும் முக்கியம். ஜிப்மருக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிதம்பரம் பக்கத்திலிருந்தும் மயிலாடுதுறை பக்கத்திலிருந்தும் விடிகாலையில் கிளம்பி, டோக்கன் போட்டு, மருந்து வாங்கி, இருட்டிய பிறகு வீடு சேர்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரியாத, காருக்கு வழியில்லாத, ஆபரேஷன் ஆன உடம்போடு பஸ்ஸில் குலுங்க முடியாதவர்கள். வட ஒன்டாரியோவிலும் ரயிலைக் கேட்டுப் போராடியவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் தெற்கே இருக்கிறது. அங்குள்ள கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் இன்னொரு கூட்டம், அதில் இந்தியப் பிள்ளைகள் கணிசம், டொரான்டோவில் இறங்கி டிம்மின்ஸ் போக என்ன வழி என்று பார்க்கும்போதுதான் பலருக்கு அந்த நாட்டின் அளவே தெரிகிறது.

இவர்களுக்காகத்தான் புது வண்டியை இரவுப் பயணமாகத் திட்டமிட்டிருக்கிறார்கள், ஹோட்டலில் தங்கும் செலவு இல்லாமல் பகலில் நகரத்தில் வேலையை முடிக்கலாம் என்று. யோசனை நல்லதுதான். ஆனால் பத்துப் பதினொரு மணி நேர இரவுப் பயணம், வண்டியில் படுக்கை கிடையாது, சாய்கிற நாற்காலிதான்! ஸ்லீப்பரில் மிடில் பெர்த்துக்குச் சண்டை போடும் நம்மாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். டயாலிசிஸ் நோயாளியை ராத்திரி முழுக்க உட்கார வைத்துக் கொண்டுபோவது எந்த அளவுக்கு பஸ்ஸைவிட மேல் என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. குறைந்தபட்சம் எழுந்து நடக்கலாம், அது பெரிய வித்தியாசம்தான்.

இந்தக் கதையை யாழ் தேவியோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொழும்பிலிருந்து வடக்கே 1956-ல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி 1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தியது. அங்கே தண்டவாளமும் கட்டையும்கூடப் பதுங்கு குழிக்குப் போய்விட்டன, ஸ்டேஷன்கள் சுவர் மட்டும் நின்றன. இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டு 2014 அக்டோபர் 13-ஆம் தேதி யாழ்ப்பாணத்துக்கு வண்டி திரும்ப வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. போரில் தண்டவாளமே இல்லாமல் போன பாதைக்கு 24 வருடம், அதில் பாதை போட்ட வேலை கடைசிச் சில வருடம்தான். தண்டவாளம் பளபளவென்று இருந்த பணக்கார மாகாணத்துக்கு 14 வருடம். இதில் எது தாமதம் என்று சொல்வீர்கள்?

2012-ல் தப்பித்த வண்டி ஒன்றும் உண்டு. காக்ரேனிலிருந்து மூசனி வரை சுமார் 300 கிலோமீட்டர் ஓடும் போலார் பேர் எக்ஸ்பிரஸ். அதுவும் நஷ்டம்தான், ஆனால் அதை யாரும் தொடவில்லை, ஏனென்றால் மூசனிக்கு வெளியிலிருந்து வருடம் முழுக்கப் போகிற சாலை கிடையாது. அரிசி, ஃப்ரிட்ஜ், கார், பிரசவத்துக்குப் போகும் பெண், பெரும்பாலும் எல்லாமே அந்த ரயிலில் அல்லது விமானத்தில். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கிரீ பழங்குடி மக்கள். நார்த்லேண்டர் நின்ற நாளிலிருந்து இவர்கள் காக்ரேன் வரை ரயிலில் வந்து அதற்கு மேல் பஸ் பிடிக்கிறார்கள். மூசனி வண்டி காக்ரேனிலிருந்து காலை 9 மணிக்குப் புறப்படும், சாயங்காலம் திரும்பி இரவு 10 மணி வாக்கில் வந்து சேரும், தினமும் கிடையாது. எனவே நார்த்லேண்டரின் கால அட்டவணை வரும்போது நான் முதலில் பார்க்கப்போவது டொரான்டோ நேரத்தை இல்லை. டிம்மின்ஸிலிருந்து வரும் இணைப்பு காலை 9 மணிக்கு முன் காக்ரேனுக்கு வருகிறதா, இரவு 10 மணிக்கு இறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு போகிறதா, நார்த்லேண்டர் ஓடும் நாளும் மூசனி வண்டி ஓடும் நாளும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான்.